அருவியில் விட்டுவிட்டு வந்தவர்

சாரல் தொடங்கினால் எங்கள் தெருவில் முதலில் நனைகிறவர் கீழ்வீட்டுக்காரர்தான். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று யாராவது வாயெடுத்தால் போதும், ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குப் பஸ் ஏறிவிடுவார். மத்தியானம் தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, வாசல் கேட்டைத் திறக்கும்போதே உள்ளே பார்த்துச் சத்தம் கொடுப்பார்.

"ஏளா, விட்டாச்சு!"

மாடியில் குடியிருக்கிற எனக்கும் அது கேட்கும். இந்தத் தடவை எது போயிற்றோ என்று எனக்கே சலிப்பாக இருக்கும். கீழே அடுப்படியில் நிற்கிற அவர் மனைவிக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்காதீர்கள்.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று விட்டுவிட்டு வருவார்கள் இல்லையா? அதற்கப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது. அவர் அந்த வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். "வடக்க போயி விடணும்னா ரயில் ஏறணும். நம்ம தென்காசியும் காசிதானட்டி? பேருலயே இருக்குல்லா?" என்பார். கோயிலில் வைத்து விடலாமே என்றால், கோயிலில் கூட்டத்தில் மனசு நிற்காது, அருவிக்குக் கீழே நின்றால் வேறு ஒன்றும் காதில் விழாது என்று பதில் வரும். காயும் பழமும் விடுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கத்திரிக்காயை விட்டு என்ன ஆகப்போகிறது, நம்மைப் பிடித்து ஆட்டுகிறதை விட வேண்டும் என்பார். வருஷத்துக்கு ஒன்று, சாரலுக்கு ஒன்று.

மேலகரத்தில் அவருடைய வீட்டு மாடியில்தான் நான் இத்தனை காலமும் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நாள் குறைவு. நான் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பகுதியில் நிற்கிறேன். வேலை என்று சொல்வதைவிட நிற்கிறேன் என்று சொல்வதுதான் சரி. அவரை அண்ணாச்சி என்பேன், அவர் மனைவியை மதினி. அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் போன பிறகு அவருடைய சாமான் என்று எடுத்து வைத்ததெல்லாம் ஒரு ஒயர் கூடைக்குள் அடங்கிவிட்டது. என் பீரோவின் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. ஒரு முட்டு கொடுத்துத்தான் சாத்துகிறேன்.

முதலில் விட்டது பீடி. சுரண்டையில் ஒரு கமிஷன் கடையில் வேலை பார்த்த காலத்திலிருந்து இழுத்த பீடி. விட்டதும் சில மாதத்தில் இருமல் நின்றது. விடிகாலையில் அவர் இருமித்தான் தெருவே எழுந்திருக்கும், அந்த வருஷம் பாதிப் பேர் தூங்கிப் போனார்கள். அடுத்து கடை டீ. பிறகு டிவியில் ராத்திரி சண்டை போடுகிற நிகழ்ச்சிகள். அதைப் பார்த்துவிட்டு மதினியிடம் கத்திக்கொண்டிருந்தவர், அது போனதும் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்தார். நல்லது என்று நானே சொல்லியிருக்கிறேன். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

சட்டை குறைந்தது. செருப்பு ஒன்றுதான். யாராவது எதையாவது வாங்கப் போகிறேன் என்று சொன்னால் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார்.

"அது வரதுக்கு முந்தி என்ன செஞ்சோம்?"

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். எதிர்வீட்டுக்காரர் ஏசி வாங்க முன்பணம் கட்டிவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார், இவர் இதைக் கேட்டார். பாவம், அந்த மனிதர் சாரல் காற்றில் நின்றுகொண்டு என்ன பதில் சொல்வார்? ஏசி வந்தது, ஆனால் அதற்கப்புறம் அவர் அண்ணாச்சியைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் நடந்தார்.

ஒரு தடவை ஆடித் தள்ளுபடியில் எங்கள் கடைக்கே வந்துவிட்டார். மதினியின் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், சேலை எடுக்க வேண்டும். ஆடி என்றால் எங்களுக்குச் சோறு தண்ணி கிடையாது. காலையிலிருந்து சேலையைப் பிரிக்கிறதும் மடிக்கிறதும்தான். கால் வீங்கி, செருப்புக்குள் போகாது. மதினி வந்ததும் ஒரு நல்ல சேலையைப் பார்த்து எடுத்துவிட்டாள், அவளுக்கு வளவளப்பு கிடையாது. இவர் சும்மா இருக்கக் கூடாதா? பக்கத்தில் உட்கார்ந்து மலைபோல் சேலை குவித்து வைத்திருந்த ஒரு அம்மாவிடம் திரும்பி, "ஏம்மா, வீட்ல எத்தன கெடக்கு?" என்று கேட்டார். அந்த அம்மா முதலில் முறைத்தாள், அப்புறம் யோசித்தாள். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"ஏ அண்ணாச்சி, என் சோத்துல மண்ணள்ளிப் போடாதிய. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுதேன், கெளம்புங்க" என்றேன்.

"நான் என்னட்டி சொன்னேன்? கேக்கத்தான செஞ்சேன்" என்றார், குழந்தை மாதிரி.

அந்த அம்மா பிரித்துப் போட்டதை எல்லாம் நான்தான் மடித்தேன். மடிக்க மடிக்க ஆத்திரமாக வந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தபோது அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற கணக்கில் வாங்கிக் குவித்த சேலைகள். பாதிக்கு மேல் மடிப்புக் கலையாமல் கிடந்தன. நாள் முழுக்கச் சேலையில் கிடந்துவிட்டு வந்து, வீட்டிலும் சேலையை அடுக்குகிறேன். அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் வாங்குவதை நிறுத்தினேன். படுக்கையில் கிடந்து போனில் ரீல்ஸ் தள்ளுகிற பழக்கத்தையும் விட்டேன். கண் எரிச்சல் குறைந்தது. அருவிக்கெல்லாம் போகவில்லை, பேசாமல் விட்டேன். அந்த நன்றி எனக்கு இன்னும் உண்டு.

ஆனால் அவர் வீட்டில் நடந்தது வேறு.

தன்னுடையதை எல்லாம் விட்டு முடித்தவர் வீட்டுச் சாமானில் கை வைக்க ஆரம்பித்தார். ஒரு சாரலுக்கு வாஷிங் மெஷின் போயிற்று. திருவேங்கடத்தில் இருக்கிற அவர் தங்கைக்கு வேனில் ஏற்றி அனுப்பினார். "அது வரதுக்கு முந்தி என்ன செஞ்சோம்?" என்று மதினியைப் பார்த்துக் கேட்டார். மதினி ஈரக் கையைச் சேலை முந்தியில் துடைத்துக்கொண்டு, "சரி" என்றாள். அடுத்த சாரலுக்கு ஃபிரிட்ஜ். "சரி." தினமும் காலையில் காய் வாங்கக் கிளம்பியது மதினி. கல்லில் துணி துவைத்தது மதினி. வேட்டி வெள்ளையாக இல்லை என்றால் அவருக்கு ஆகாது, சட்டை ஒன்றிரண்டுதான் என்பதால் அன்றன்றைக்கே துவைத்தாக வேண்டும். எளிமையாக இருக்கிறவரின் வீட்டில் வேலை எவ்வளவு இருக்கும் என்பது மாடியில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

கடைசியில் மிக்ஸி. பொங்கல்படி என்று பிறந்த வீட்டுச் சீராக மதினியின் தம்பி எடுத்துக் கொடுத்த பச்சை நிற மிக்ஸி அது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் சூட்டில் உருகி நெளிந்திருக்கும். அதை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டே அருவிக்குப் போனார். ஐந்தருவியில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கிற ஒரு அம்மா அம்மியில் சட்னி அரைத்துக் கஷ்டப்படுகிறாளாம், அவளிடம் கொடுத்துவிட்டு வந்தார். வாசலில் நின்று வழக்கம்போலச் சத்தம் கொடுத்தார். உள்ளிருந்து "சரி" என்று வந்தது. அந்தச் சத்தம் கொஞ்சம் லேட்டாக வந்தது. எனக்கு அந்தத் தாமதம் கேட்டது, அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் அம்மிச் சத்தம். அவருக்குத் துவையல் இல்லாமல் சோறு இறங்காது. தேங்காய்த் துவையல், கொள்ளில் கானத் துவையல், பருப்புத் துவையல் என்று தினம் ஒன்று.

"மதினி, என் மிக்ஸி சும்மாதான கெடக்கு, கொண்டாங்க, ஒரு சுத்து சுத்தித் தாரேன்" என்று நானே இறங்கிப் போய்க் கேட்டேன்.

"வேண்டாம்ட்டி. அவிய நாக்கு கண்டுபிடிச்சிரும். மனசு கஷ்டப்படும்."

"ஒங்க தோள் கஷ்டப்படுதத அவிய நாக்கு கண்டுபிடிக்காதாக்கும்?"

மதினி சிரித்துவிட்டு அரைத்தாள். ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழவியைத் தள்ளுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு ஒரு நாள் மதினியால் கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. ரவிக்கைக்குள் கை நுழையவில்லை. லீவு போட்டுவிட்டு நான்தான் தென்காசிக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், அண்ணாச்சியும் வந்தார். டாக்டரம்மா சின்னப் பெண். கையைத் தூக்கச் சொன்னாள், மதினிக்குப் பாதியில் கண் கலங்கிவிட்டது. தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது, இன்னும் இப்படியே போனால் கை இந்த மட்டுக்கும் தூக்க வராது என்று சொன்னாள்.

"வீட்ல என்னம்மா வேலை செய்வீங்க?"

"எல்லாரும் செய்யுததுதான். தொவைப்பேன், அரைப்பேன்."

"கையிலயா? மிக்ஸி இல்லையா?"

"இருந்துச்சும்மா. அருவியில போயிட்டு."

"ஐயோ, வெள்ளத்துலயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. அண்ணாச்சி சுவரில் தொங்குகிற காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி அரைக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, தினமும் கையைச் சுவரில் ஏற்றி இறக்கிப் பயிற்சி செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது அவர் மெல்ல ஆரம்பித்தார். "மிக்ஸி வரதுக்கு முந்தி எல்லா வீட்லயும் பொம்பளைய அரைச்சுக்கிட்டுத்தான இருந்தாக..."

எனக்கு வாய் நிற்கவில்லை. "அரைச்சாக அண்ணாச்சி. அப்ப நீங்க என்ன செஞ்சிய?"

"நானா? நான் சுரண்டைக்கு வேலைக்குப் போனேன்."

"இப்ப?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதினி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள், போதும் என்று. ஆனாலும் அடுத்த நாள் காலையிலும் அம்மிச் சத்தம் கேட்டது. இடது கையால் அரைத்திருக்கிறாள். அந்த மனிதருக்குக் கல் மனசு என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படியும் இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய "சரி" அவர் காதை அடைத்திருந்தது.

அடுத்த சாரல் தொடங்கியபோது மதினி மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, நானும் அருவிக்கு வாரேன். ஒரு கை புடிச்சுக் கூட்டிட்டுப் போ." அத்தனை வருஷத்தில் அவள் அவரோடு அருவிக்குப் போனதே கிடையாது. சமையல் யார் செய்வது? அன்றைக்கு எதுவும் சமைக்காமல் கிளம்பிவிட்டாள். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். நான் மதினியின் கொண்டையை அவிழ்த்துவிட்டு, கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நிறுத்தினேன். தோளில் தண்ணீர் விழுந்ததும் "ஆத்தாடி!" என்று ஒரு சத்தம் போட்டாள். அப்புறம் அசையாமல் நின்றாள். வா போகலாம் என்றால் வரவில்லை. பின்னால் நின்ற பெண்கள் இடம் கேட்டுத் திட்டினார்கள், அதையும் கேட்கவில்லை. வெளியே வந்து தலையைத் துவட்டிவிடும்போது என் காதுப் பக்கம் குனிந்து, "ஏட்டி, நானும் ஒண்ண விட்டுட்டேன்" என்றாள்.

"எத மதினி?"

"அவியட்ட சொல்லும்போது கேட்டுக்கோ."

நனைந்த குளிருக்குச் சூடாக ஏதாவது சாப்பிடலாம் என்று அண்ணாச்சி எங்களை அந்த பஜ்ஜிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்கார அம்மா அவரைப் பார்த்ததும் எண்ணெய்க் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க! யாரு, மதினியா? ஏ மதினி, ஒங்க வீட்டு அண்ணாச்சி தெய்வம்! நான் இங்கன அம்மியில அரைச்சு அரைச்சுத் தோளு வுட்டுப் போயிக் கெடந்தேன். ராவெல்லாம் தூக்கம் கெடையாது. இந்த மிக்ஸி வந்த பெறகு வலி போன எடம் தெரியல. இந்தா பாருங்க!" என்று சொல்லி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

பலகை மேல் அந்தப் பச்சை மிக்ஸி இருந்தது. மதினி அதன் பக்கத்தில் போனாள். உருகி நெளிந்திருந்த பக்கத்தை விரலால் தடவினாள். "நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அவளால் எந்தக் கையை அந்த அம்மா மாதிரித் தூக்க முடியாதோ, அந்தக் கை சேலை முந்திக்குள் கிடந்தது.

அண்ணாச்சி பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தின்னவில்லை. கடைக்கார அம்மாவின் தூக்கிய கையையும் மதினியின் முந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னபோது கேட்காததை, நான் பஸ்ஸில் குத்திக் காட்டியபோது கேட்காததை, அங்கே அந்தப் புகழ்ச்சிக்குள் வைத்துக் கேட்டார் போலிருக்கிறது. முகம் வெளிறிவிட்டது. எனக்கே பாவமாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவர் தொண்டையைச் செருமினார். "ஏளா, சின்னதா ஒண்ணு வாங்கிருவமா?"

"வேண்டாம்" என்றாள் மதினி.

"வேண்டாமா?"

"வாங்காண்டாம். இருக்கத வச்சுப் பொழைக்கது நல்லதுதான். நீங்க சொல்லுதது எதுவும் தப்புன்னு நான் சொல்லல. ஆனா இனிமே நான் அரைக்க மாட்டேன், தொவைக்க மாட்டேன். ஒங்களுக்குச் 'சரி'ன்னு சொல்லுதத இன்னைக்கு அருவியில விட்டுட்டேன். விட்டதப் பெறகு தொடப்பிடாதுல்லா? நீங்கதான சொல்லுவிய."

சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அந்தத் தடவை எதை விட்டார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கும்போதும் சத்தம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் மாடியில் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மிச் சத்தம் கேட்டது. எனக்குத் திக்கென்றது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டாளே என்று அடுப்பை அணைத்துவிட்டு இறங்கினேன். பாதிப் படியிலேயே தெரிந்துவிட்டது, அது மதினியின் கைச் சத்தம் இல்லை. இழுக்கிறது, நிற்கிறது, குழவி நழுவி டங்கென்று விழுகிறது. எட்டிப் பார்த்தேன்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மிக்கு முன்னால் குத்தவைத்திருந்தார். மிளகாய் பட்ட கையால் கண்ணைத் தேய்த்திருப்பார், கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நெற்றியில் தேங்காய்த் திப்பி. ஓரத்து வாளியில் அவருடைய சட்டையும் மதினியின் சேலையும் சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. மதினி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்து காப்பி குடித்து நான் பார்த்ததே இல்லை.

"நைசாவே இல்ல. கொஞ்சம் தண்ணி தெளிச்சு இன்னொருக்க அரைங்க" என்றாள்.

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சரி" என்றார்.